கதிர்க்கற்றையும் எலுமிச்சை சாதமும்

போன வாரம் மில்பிடாஸ் ஊரிலுள்ள என் அலுவலகத்தில் மைக்ரோவேவ் வரிசையில் நின்றேன். முன்னால் யாரோ எலுமிச்சை சாதம் சூடுபண்ணினார்கள். பெருங்காய வாசனைக்கு எனக்குப் பசி வரவில்லை, வெட்கம் வந்தது. சொல்கிறேன், கேளுங்கள்.

படிப்பு முடித்த கையோடு, இதே பே ஏரியா வட்டாரத்தில் ஒரு துகள் மோதல் எந்திரத்தில் எனக்கு வேலை. எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் எதிரெதிரே வந்து மோதும் இடத்தில் கற்றை எவ்வளவு மெல்லியதாகக் குவிகிறது என்று அளக்க வேண்டும். முடியைவிட மெல்லிய கரியிழையைக் கற்றையின் குறுக்கே நகர்த்தினால் திரையில் ஒரு மேடு எழும். மேட்டின் அகலம்தான் கற்றையின் அகலம். மேடு ஒல்லியாக இருந்தால் கொண்டாட்டம். குண்டாக இருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒரு வாரம், தினமும் பதினோரு மணிக்கு மேல் மேடு குண்டானது. காந்தங்களை மாற்றி மாற்றிச் சரிசெய்தும் பயனில்லை. காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில். என் விசா நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரோ எங்கள் குழுத் தலைவி, கோயம்புத்தூர் நளினி மேடம். நான் நிலநடுக்கம், வெயில், ஃப்ரீவே லாரிகள் என்று ஒவ்வொன்றின் மேலும் பழி போட்டு வரைபடம் தயாரித்தேன்.

வெள்ளிக்கிழமை நண்பனின் பிரிவு உபசார விருந்து. நான் சாப்பாடு கொண்டுபோகவில்லை. அன்று மேடு நாள் முழுக்க ஒல்லி. எல்லோரும் மகிழ, எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஓசைப்படாமல் போய்ப் பார்த்தேன். கரியிழையின் சிக்னலைப் பெருக்கும் கருவி இருக்கும் ரேக்கின் தலையில் வெப்பக்காற்று வெளியேறும் சல்லடை. ஒரு வாரமாகத் தினமும் பத்தரைக்கு நான் டிபன் பாக்ஸ் வைக்கும் இடம் அதுதான். சாப்பாடு தானாகச் சூடாகுமே. காற்று அடைபட்டு, கருவி கொதித்து, சிக்னலைக் கலக்கியிருக்கிறது. கற்றை பாவம், ஒல்லியாகத்தான் இருந்திருக்கிறது.

"காற்றோட்டத் தடை நீக்கப்பட்டது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நழுவப் பார்த்தேன். நளினி மேடம் படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"என்ன தடைங்க?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

"லெமன் ரைஸ், மேடம்."

திரையிலிருந்த ஒல்லி மேட்டைக் காட்டினார்.

"ஒரு வாரமா அத்தன பேரும் மேக்னட்ட ட்யூன் பண்ணீட்டிருந்தோம். தொட்டுக்க என்னங்க?"

உருளைக்கிழங்கு வறுவல் என்றேன்.

"திங்கக்கெழம எனக்குஞ் சேத்துக் கொண்டாங்க. ரேக் மேல வெக்காம."

கடிதத்தில் அன்றே கையெழுத்தானது.

இப்போது அந்த எந்திரம் இல்லை, கழற்றிவிட்டார்கள். மேடமும் ஓய்வு பெற்று மகளோடு டெக்சாஸ் போய்விட்டார். இப்போதைய அலுவலகத்தில் தப்பு நடந்தால் கணினியில் ஒருவர் புகாராக ஒரு டிக்கெட் திறக்கிறார், இன்னொருவர் மூடுகிறார். யார் செய்தது என்று பக்கத்தில் வந்து கேட்க ஆளில்லை. ஒப்புக்கொள்ளும் சுகமும் அதோடு போயிற்று.