செட்சுகோவும் தம்பியின் வாடகை அறைகளும்

சுவிஸில், பீல் நகரத்தில் இத்தனை வருசமா எனக்கொரு ஆத்திரம். எனக்கும் செட்சுகோவுக்கும் ஒரே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்தான் வேலை. அவவைக் கண்டால் சுவிஸ்காரர் யப்பான் சாப்பாட்டைப் பற்றி ஆசையாக் கேட்பினம். என்னைக் கண்டால், "எந்த ஹோட்டல் குசினியில் வேலை?" அவ விருந்தாளி, நான் வெளிநாட்டுக்காரன்.

ஒருநாள் இடைவேளையில் இதை அவவுக்கே சொன்னன். கோவிக்கேல்லை, சிரிச்சா.

"என்ர தம்பியெண்டால் உங்களுக்கு வீடே தந்திருக்க மாட்டான்."

செட்சுகோ சுவிஸ்காரனைக் கட்டி வந்தவ. புருசன் செத்துப்போனார், பிள்ளைகள் இங்கை. மணிக்கூட்டு முகப்பில் தூசு, கீறல் பார்க்கிறது வேலை. தம்பி யப்பானில், ஹமமட்சுவில் அறைகள் வாடகைக்கு விடுறவன். வெளிநாட்டாக்கள் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிப்போடுவானாம். இப்ப அங்கை இளம் ஆக்கள் குறைவு, அறைகள் வெறுமை. "என்னோடையும் தமிழர் வேலை செய்யினம், பயப்பிடாதை" எண்டு அக்கா சொன்ன பிறகுதான், அங்கை முதியோர் இல்லத்தில் வேலை செய்யிற எங்கட தமிழ்ப் பெடியன் கிஷோபனுக்கு ஒரு அறை குடுத்தான்.

இதுக்கிடையில் செட்சுகோ சுவிஸ் குடியுரிமை எடுத்திட்டா. விரும்பி வேறை நாட்டுக் குடியுரிமை எடுத்தால் யப்பான் குடியுரிமை போயிடும்.

"இப்ப நானும் அங்கை வெளிநாட்டுக்காரி. தம்பிக்கு இன்னும் சொல்லேல்லை" எண்டா. பென்சன் எடுத்த பிறகு வருசத்தில் பாதி அவன்ரை வீட்டில் இருக்கத்தான் அவவுக்கு ஆசை.

பிறகு ஒருநாள் இடைவேளைக்கு முன்னமே என்னைத் தேடி வந்தா. ஞாயிறு காலமை தெருவே சேர்ந்து வாய்க்கால் துப்பரவாக்க, கிஷோபன் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திட்டானாம். இனி ஒரு வெளிநாட்டாளும் வேண்டாமெண்டு தம்பி கத்தினானாம்.

"உங்கட பாசையில் கிஷோபனோடை கதையுங்கோ."

அவ தந்த நம்பரில் கிஷோபனுக்குப் போன் போட்டன்.

"ஏன்ரா போகேல்லை? பஞ்சியோ, எழும்ப மனமில்லையோ?"

"இல்லை அண்ணை! வெளிநாட்டான் நான் தெருவாக்களுக்கு முன்னாலை வந்தால் வீட்டுக்காரருக்கு வெட்கமா இருக்கும் எண்டு லைற்றையும் நூத்துப்போட்டு இருந்தனான்."

"மடையா! மண்வெட்டியோடை போ."

அடுத்த முறை போனான். தம்பியே தன்ரை றப்பர் சப்பாத்தை இரவல் குடுத்தானாம்; காலைக் கடிச்சதாம். மண்வெட்டி பிடிக்கிறது பிழையெண்டு கிழவர்மார் சுத்திநிண்டு பாடம் எடுத்தினமாம். முடிய, தேத்தண்ணி.

"உங்கட தம்பி உண்மையா மாறிட்டானோ, அறை சும்மா கிடக்குதெண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறானோ?" எண்டு கேட்டன்.

செட்சுகோவுக்கும் அதுதான் தெரியோணுமாம். கடைசியா ஒண்டு கேட்டா:

"கிஷோபனிட்டைச் சொல்லுங்கோ. சுவிஸ் பாஸ்போட்டோடை ஒரு கிழவி வரப்போறா, பக்கத்து அறையைக் குடுப்பியளோ எண்டு தம்பியைக் கேக்கட்டும். ஆரெண்டு மட்டும் சொல்ல வேண்டாம்."