எந்த நாடி?

நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மரவீட்டில் சீன வைத்தியப் பள்ளி நடந்தது. ஊசி குத்தவும் நாடி பார்க்கவும் பழகுகிற மாணவர்களுக்கு உடம்பு வேண்டும். யாரும் போய்ப் படுக்கலாம். மங்கரே விமான நிலையத்தில் என்னோடு சரக்கு இறக்கிய மலேசியத் தமிழர்தான் என் இடுப்பு வலிக்கு இந்த வழி சொன்னார்.

"சும்மா போய்ப் படுங்க லா! அவங்களுக்குப் படிப்பு, உங்களுக்கு இடுப்பு."

ஆட்கள் வாயிலிருந்து விழுகிற சொற்களைப் பொறுக்கிச் சேர்க்கிறவன் நான். இதையும் மடியில் கட்டிக்கொண்டு போனேன். இரண்டு மாதத்தில் இடுப்பு சரியாகிவிட்டது. ஆனால் போவதை நிறுத்தவில்லை.

காரணத்தைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தாள். கலியாணமாகி நாற்பது நாள் சேர்ந்திருந்தோம். பிரிந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் இருந்தது அந்த மரவீட்டில் மட்டும்தான். மூன்று விரல் வைப்பார்கள். பிறகு கேட்பார்கள்: நித்திரை வருகிறதா? கை கால் குளிருகிறதா? எதைச் சாப்பிட ஆசை?

மாணவர் பார்த்து முடித்ததும் ஆசிரியை வந்து மற்றக் கையைப் பிடிப்பார். சீனாவில் பாரம்பரிய வைத்தியத்துக்கென்றே இருக்கிற பெரிய பல்கலைக்கழகத்தில் நாடியைப் பற்றி விரிவுரை செய்தவர். இங்கே ஒன்பது மாணவரும் ஒரு தேநீர்க் கேத்திலும்தான். சுவரில் அந்தப் பல்கலைக்கழக வாசலின் படம். படியில் நிற்கும் கண்ணாடிக்காரர் அவருடைய கணவர். இன்னும் அங்கேதான் படிப்பிக்கிறார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மனைவிக்கு ரெலிபோனில் புதினம் சொன்னேன்.

"புதனுக்குப் புதன் ஒரு சீன மனிசி என்ர நாடியைப் பிடிச்சுப் பாக்கிறா."

அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது: "எந்த நாடி?"

அப்போதுதான் உறைத்தது. எங்களூரில் நாடி என்றால் முதலில் மோவாய். அதைப் பிடிப்பது கொஞ்சுவதற்கு, இல்லாவிட்டால் கெஞ்சுவதற்கு.

"கையில, கையில! வருத்தம் பாக்கிற நாடி!"

"ஓமோம். நான் இஞ்ச விசாவுக்கு லைனில நிக்கிறன். நீங்கள் அங்க நாடியை நீட்டிக்கொண்டு நில்லுங்கோ."

ரெலிபோன் அட்டையில் காசு முடிந்து லைன் அறுந்தது. அவள் சிரித்தாளா, அழுதாளா என்றுகூடத் தெரியவில்லை.

புதன்கிழமை ஆசிரியை விரல் வைத்ததுமே, "நித்திரை இல்லை" என்றார். என் அரைகுறை ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லி, மணிக்கட்டையும் மோவாயையும் தொட்டுக் காட்டினேன்: இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தன் நாடியைத் தானே மெல்லப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தபடி நின்றார். மற்றக் கை என் மணிக்கட்டிலேயே இருந்தது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு மனைவிதான் முந்திக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசி கையை மட்டும் பாக்கட்டும்."

"மற்றது?"

"மற்றதை நான் வந்து பிடிக்கிறன். அவங்கள் விசாவைத் தரட்டும்."

"தருவாங்கள், நீர் யோசியாதேயும்" என்றேன். தருவார்களா என்று எனக்கு எங்கே தெரியும்? அவள் லொட்ஜில் தண்ணீர் வராத கதையைச் சொல்லி முடிக்கும்வரை, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் நாடியை நானே பிடித்தபடி இருந்தேன்.

எந்த நாடி என்று அவளுக்குச் சொல்லவில்லை.