மாமாவின் சாசேஜ் சூப்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன்குழம்புதான். மாமாவுக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஆசை வந்த பிறகு அந்த வழக்கம் அடியோடு போயிற்று.

மாமா அம்மாவின் தம்பி. நாகர்கோவிலிலிருந்து வந்து, கோவளத்தில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்த்துக்கொண்டு, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டில் தங்கியிருந்தார். கப்பல்காரர்கள் கொச்சிக்குக் கூப்பிட்டுச் சமைத்துக் காட்டச் சொல்வார்களாம். அதற்கு மாமா தேர்ந்தெடுத்தது, சாசேஜும் உருளைக்கிழங்கும் போட்ட சூப். சாசேஜைக் கடையில் வாங்கக் கூடாதாம், கையால் செய்தால்தான் மதிப்பாம்.

ஆகவே விடிந்ததும் கோழிக்கறியைக் கொத்தத் தொடங்கிவிடுவார். பூண்டும் மிளகும் சேர்த்துப் பிசைந்து, வாழையிலையில் நீளமாகச் சுருட்டிக் கட்டி, அம்மாவின் இட்லிப் பானையில் வேகவைப்பார். ஆறியதும் வட்டமாக நறுக்கி வெண்ணெயில் வதக்குவார். உருளைக்கிழங்கில் பாதியை மசித்து, பால் ஊற்றிக் கொதிக்கவிடுவார். பசி வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு மீன் வறுவல் வாசனையை முகர்ந்தபடி நான் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் அம்மா ருசி பார்ப்பாள். ஒரு வாரம் மிளகு தூக்கல். அடுத்த வாரம் பால் வாடை. உடனே மாமா மறுபடி அடுப்பைப் பற்றவைப்பார். எனக்கு அழுகையே வந்துவிடும்.

கொச்சிக்குப் போக வேண்டிய வாரமும் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு, "கறி வெந்த மாதிரி இல்லலே" என்றாள்.

"நல்லாத்தானே இருக்கு" என்று அப்பா தொடங்கினார். அம்மா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப இந்தத் தடவை வேண்டாங்க்கா. அடுத்த வருஷம் நோக்கலாம்."

அடுத்த வருஷமா? இன்னும் ஒரு வருஷம் இந்தச் சூப்பா? என் பொறுமை அறுந்தது.

"போன வாரமே நல்லாத்தான் மாமா இருந்துச்சு. அம்மா சட்டியை வழிச்சுக் குடிச்சா, நான் கண்டேன். எனக்குச் சோறு மதி, சூப்பு வேண்டாம்."

அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"நெசமாக்கா?"

அம்மா இட்லிப் பானையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மாமா அவள் போன பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குச் சோறு போட்டுத் தந்தார்.

கொச்சியில் ஒரே தடவையில் அவரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் கப்பலேறிவிட்டார்.

அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மீன்குழம்பை நினைத்துக்கொண்டே கண்விழித்தேன். அடுக்களையில் அம்மா கறி கொத்திக்கொண்டிருந்தாள். வாழையிலை, வெண்ணெய், பால் எல்லாம் அதேபோலத்தான். எங்களுக்கு ஊற்றித் தந்துவிட்டு, தன் கிண்ணத்தோடு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். நல்லா இருக்கா என்று யாரையும் கேட்கவில்லை.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தம்பியைவிடத் தனக்கு நன்றாக வைக்கத் தெரியும் என்று காட்டத்தான் அம்மா இப்படிச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.