மாதா காத்த ஓர்க்கிட்

பல்கனியில் வாடிக்கிடந்த ஓர்க்கிட்டுக்கு மகள் தண்ணீர் ஊற்றினாள். சட்டிக்குள் நனைந்த தேங்காய்ப் பொச்சு நாரின் வாசம் எழுந்ததும் நான் நினைவில் எங்கள் பழைய கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்விட்டேன்.

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்கு, சீமைக்குத் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போன ஓர்க்கிட் அது. வந்த மாதமே இலைகள் மஞ்சளாகின. அப்பா விடியற்காலையில் ஆறின தேயிலைச் சாயம் ஊற்றுவார். அவர் வேலைக்குப் போனதும் அம்மா மாதா கோவில் தீர்த்தம் ஊற்றுவார். அக்கா அரிசி கழுவின தண்ணீர். மீன் கழுவின தண்ணீர் என் பங்கு. ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது. வேர் அழுகி நாறியது. பூனைகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

மடு மாதா திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ரயிலேறினோம். அப்பா செத்தவீட்டுக்குப் போகிறவர்போல இருந்தார்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், பச்சைப் பசேலென்று ஒரு தளிர்!

"நான் ஊத்தின தீர்த்தம்தான்!" என்றார் அம்மா.

"இல்லை, என்ர அரிசித் தண்ணி," என்றாள் அக்கா. நான் மீன் தண்ணீரைச் சொன்னேன்.

அப்பா எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "மாதா புதுமைதான் செய்திருக்கிறா. எங்கள் நாலு பேரையும் வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டாவெல்லே!"

மகளின் கையிலிருந்த வாளியை வாங்கி வைத்தேன்.

"பிள்ளை, வெளிக்கிடு. ஒருக்கா மடுவுக்குப் போயிட்டு வருவம்."