நடைவழியில் ஒற்றைச் செருப்பு

கண்டியில் ஒரு கழுத்துவலி ஆராய்ச்சியில் கேள்வி கேட்பவளாக வேலை பார்த்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கையால் தரும் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சிலருக்குப் பிசியோதெரபி மிஸ் கழுத்தைப் பிடித்துவிட்டு, கடைசியில் சட்டென்று ஒரு திருப்புத் திருப்புவார். மற்றவர்களுக்கு உடற்பயிற்சி மட்டும். யாருக்கு எது என்று எனக்குத் தெரியக்கூடாது; தெரிந்தால் என் பேனா ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அதனால் சிகிச்சை அறைக்குள் நான் காலெடுத்து வைக்கக்கூடாது. விதியை மதிப்பவள் என்று என்னைப் பாராட்டினார்கள். உண்மையில் நான் பயந்தாங்கொள்ளி.

அன்று பன்வில பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கை மரத்துப்போகிறதா, சாமான் கைதவறி விழுகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் “இல்லைங்க மிஸ்” என்றார். இதில் ஒன்றுக்கு ஆம் என்றால்கூட அவரைச் சேர்க்கக்கூடாது. உள்ளே தண்டுவடம் நசுங்கியிருக்கும்போது கழுத்தைத் திருப்பினால் கை கால் விழுந்துவிடலாம்.

கையெழுத்துப் போடும்போது பேனாவைக் கரண்டிபோல முஷ்டிக்குள் பிடித்தார். எழுதிப் பழக்கமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அந்தப் பக்கத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. மிஸ் என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் உள்ளே போனதும் படிவத்தை அலுமாரியில் வைக்க எழுந்தேன். நடைவழியின் நடுவில் ஒரு செருப்புக் கிடந்தது. அதன் ஜோடி, பத்தடி தள்ளி, சிகிச்சை அறை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அந்த அக்காவின் செருப்புத்தான். ஒரு காலிலிருந்து நழுவியதே தெரியாமல் மிச்சத் தூரத்தை நடந்திருக்கிறார்.

பேனா பிடித்த கை நினைவுக்கு வந்தது. உள்ளே அவருக்குப் பயிற்சியா, திருப்பலா? அது தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவு முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ஓர் ஆளின் கழுத்தைத் திருப்ப அதைவிடக் குறைந்த நேரம் போதும்.

தட்டாமலே திறந்தேன். அக்கா மல்லாந்து படுத்திருந்தார். பிசியோதெரபி மிஸ்ஸின் இரண்டு கைகளும் அவர் தாடைக்கடியில் இருந்தன.

கையை எடுங்கள் என்று சிங்களத்தில் கத்தினேன். மிஸ் பயந்துபோய் எடுத்துவிட்டார். பிறகு அக்காவின் பக்கம் குனிந்து, நான் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொன்னேன். கை, கால் மரத்துப்போகிறதா என்று மறுபடி கேட்டேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறு மாசமா. ஆபீசுல சொல்லிறாதீங்க தங்கச்சி, வேலையில பேர வெட்டிருவாங்க.”

படிவத்தோடு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் தோட்டத்து ஆபீசின் ஆள்தான் என்று எங்கள் லயத்தில் ஒரு நினைப்பு உண்டு. நோய் இருக்கிறதா என்று கேட்டால் வாய் தானாக இல்லை என்றுவிடும். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. நல்லவேளை என்றார் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர். எனக்கு நிம்மதி வரவில்லை. அலுமாரியைத் திறந்து பழைய படிவங்களை எடுத்தேன். அதே மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நேரே என் கையெழுத்தில் இல்லை, இல்லை, இல்லை. அவர்களில் பலர் சிகிச்சை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, மேலே இருந்த படிவத்தின் எண்ணுக்குப் போன் போட்டேன். மூன்று வாரம் வந்துபோன ஓர் அக்கா. இந்த முறை முதலில் என் லயத்தைச் சொன்னேன். பிறகுதான் கேள்வியைக் கேட்டேன்.



“யாருகிட்டயும் சொல்லமாட்டீங்கதானே தங்கச்சி?” என்றார்.