கருநாக்குக்காரி சுந்தராம்பாள்

அரியலூர்ப் பக்கம் சுந்தராம்பாள் என்றால் யாருக்கும் தெரியாது. கருநாக்குக்காரி என்றால் இடுப்புக் குழந்தைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லாம் ஒரே ஒரு வாய்ச்சொல்லால் வந்த வினை.

தண்ணீர் முறைத் தகராறில் கொழுந்தன் தர்மன் அவள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைக் கயிற்றை அறுத்துப் போட்டான். புருஷனை இழந்தவள், கேட்க நாதியில்லை என்ற துணிச்சல். அவளும் மண்ணை வாரித் தூற்றி, "நீ இன்னைக்கு வூடு போய்ச் சேர மாட்டடா!" என்று கத்திவிட்டாள். அன்று சாயங்காலமே இடி விழுந்து பனையடியில் கருகிக் கிடந்தான் தர்மன். அன்றோடு வாழ்த்தோ வசவோ அவள் வாயில் வருவது நின்றது. விளைந்த கடலையைக்கூட வாய்விட்டு மெச்ச மாட்டாள். கண்ணை மூடினால் போதும், அவள் கத்திய சத்தம் அவள் காதிலேயே கேட்கும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், யுத்த சமயத்தில், ஒரே மகன் அழகேசன் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். பதறியடித்துக்கொண்டு இங்கிலீஷ் வாத்தியார் வேணுகோபாலிடம் ஓடினாள்.

"என் வாயால எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா சார்?"

வாத்தியார் சிரித்தார். "இதுக்கு இங்கிலீஷ்ல கோயின்சிடென்ஸ்னு பேருங்க. லத்தீன்லேருந்து வந்தது. சேர்ந்து விழுறதுன்னு அர்த்தம். ரெண்டு சங்கதி ஒரே நேரத்துல விழும், ஒண்ணால இன்னொண்ணு இல்ல. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான். தைரியமா வாழ்த்தி அனுப்புங்க."

"சேர்ந்து விழுந்துச்சு, சரி. சேத்து வச்சது யாரு சார்?"

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

ரயிலடியில் அழகேசன் கெஞ்சினான். "போயிட்டு வாடான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பாவி மகள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். விருந்தாளியைக்கூட நாம் வெறுமனே 'போ' என்று அனுப்புவதில்லை. பெற்ற பிள்ளை அந்த ஒரு சொல் இல்லாமல் போனான்.

மறுவருஷம் பர்மா எல்லையிலிருந்து தந்தி வந்தது. படித்துச் சொன்னவரும் வேணுகோபால்தான். அவள் அழவில்லை.

"அன்னைக்குச் சொன்னேன், அவன் செத்தான். இப்ப சொல்லல, எம்புள்ள செத்துட்டான். இதுக்கும் அதே வார்த்தைதானா சார்?"

"அதேதாங்க. உங்க நாக்குல ஒண்ணுமில்ல. சத்தியமா."

அந்தச் சத்தியத்தைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஆறு மாசம் கழித்துக் கடலை மூட்டை போட ரயிலடிக்கு வந்தபோது, திருச்சி வண்டியில் ஜன்னலோரம் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். மகனுக்குச் சொல்லாமல் விழுங்கிய சொல்லை அவரிடமாவது சொல்லிவிட அவளுக்கு ஆசை வந்தது. கிட்டே போனாள்.

"நல்லபடியா போயிட்டு வாங்க சார்."

வாத்தியார் முகம் வெளிறிப்போனது. சட்டைப் பையைத் தடவினார், குடையைத் தேடினார். "எதையோ மறந்துட்டேன்" என்று முனகியபடி, வண்டி நகருமுன் இறங்கியே விட்டார். அட, படிச்ச மனுஷா!

அந்த வண்டி ஒரு குறையும் இல்லாமல் திருச்சி போய்ச் சேர்ந்தது. சுந்தராம்பாள் அதை விசாரிக்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்கப்புறம் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.