எப்போதும்வென்றானில் பர்மா உளுந்தை மறித்த காலை

மதுரையில் சின்னதாக ஒரு அப்பளக் கம்பெனி நடத்துகிறேன். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். நாங்கள் வாங்குவது பெரும்பாலும் பர்மா உளுந்து. அந்த நாட்டோடு அரசு செய்துகொண்ட உடன்படிக்கையாலும் வரிவிலக்காலும் அது வரியில்லாமல் துறைமுகத்தில் இறங்குகிறது, விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் விலக்கு நீடிக்குமா என்பது கடைசி நேரம்வரை தெரியாது. அந்த இழுபறி பொறுக்காமல், கரிசல் உளுந்தை நேரடியாக வாங்கிப் பார்க்கலாமே என்று போன தை மாதம் கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை 6.10க்கு பஸ். கோவில்பட்டிக்கு 90 ரூபாய்; 8.20க்கு இறங்கினேன். அங்கிருந்து எட்டயபுரம் 15 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை (கூட்டத்தில் நசுங்குவதும் இலவசம்). எட்டயபுரத்தில் இன்னொரு பஸ் பிடித்து, 10.05க்கு எப்போதும்வென்றான் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கினேன். வானம் கறுத்துக் கிடந்தது.

நான்கு வழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் உளுந்துச் செடிகளை நீளமாகப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறியே மணி உதிர்ந்துவிடும். பாதிக்கு மேல் தூற்றிக் குவித்திருந்தார்கள். போனில் பேசி வைத்திருந்த புஷ்பம் அக்காவும் அவர் கணவர் சேவியர் அண்ணாச்சியும் அங்கேதான் நின்றார்கள்.

"நேத்தே எடுக்கேன்னு சொன்ன யாவாரி, உளுந்துக் கப்பல் வந்திருக்கு, ரெண்டு நாள் பொறுங்கங்கான்," என்றார் அண்ணாச்சி. "மழை பொறுக்குமா? நனைஞ்சா நிறம் மங்கி முளை விட்டுரும்."

அதே நேரத்தில், டிரைவர் டீ குடிப்பதற்காக ஒரு லாரி சர்வீஸ் ரோட்டில் இறங்கியது. முன் சக்கரம் குவியலின் ஓரத்தை நசுக்கிவிட்டது. புஷ்பம் அக்கா ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றார். லாரியின் பின்பக்கம் கிழிந்திருந்த ஒரு மூடையிலிருந்து மணிகள் கொட்டின. அண்ணாச்சி அள்ளிப் பார்த்தார்.

"பர்மா உளுந்தா?"

"ஆமா அண்ணாச்சி. தூத்துக்குடி ஹார்பர்ல ஏத்துனது," என்றார் டிரைவர்.

பக்கத்து உளுந்துக் காட்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து லாரியைச் சூழ்ந்தார்கள். ஒருவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "இதை இங்கனயே இறக்கு!" என்று ஒரு குரல்.

"நான் ஏத்துனதை இறக்குத ஆளு. என் மேல கோவப்பட்டு என்ன செய்ய?" என்று டிரைவர் பில்லை நீட்டினார்.

பில்லில் இருந்தது எனக்குத் தெரிந்த விருதுநகர் மில்லின் பெயர். எங்கள் உளுந்து அங்கிருந்துதான் வருகிறது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் என் சரக்குக்காக அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இந்த மில்லுலதான் நான் வாங்குறேன்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். புஷ்பம் அக்கா என் முகத்தையே பார்த்தார். "அப்போ எங்க உளுந்தை வாங்க வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

பதில் சொல்வதற்குள் முதல் தூறல் விழுந்தது. சண்டை அப்படியே நின்றது. அத்தனை பேரும் குவியலுக்கு ஓடினார்கள். டிரைவர் கேபின் மேலிருந்த மாற்றுத் தார்ப்பாயை அவிழ்த்துப் போட்டார். நானும் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினேன். இருபது நிமிடம். முக்கால்வாசி தப்பியது, ரோட்டில் பரப்பியிருந்தது நனைந்தே போனது.

சாவி டிரைவரிடம் திரும்பிவந்தது. அண்ணாச்சி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் ஐந்து மூடை கேட்டிருந்தேன், எட்டு எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் வாங்க என்னால் முடியவில்லை. மீதியை அந்த வியாபாரி மூன்றாம் நாள் வந்து, தான் சொன்ன குறைந்த விலைக்கே எடுத்துப் போனதாகப் பிறகு தெரிந்தது.

நேரடியாக வாங்க விரும்புகிறவர்களுக்கு: தையில் போங்கள், ஆனால் விதைப்புக்கு முன்பே பேசி வையுங்கள். அறுவடைக்குப் பின் போனால் விலையைக் கப்பல் முடிவு செய்திருக்கும். காரில் போனால், பரப்பிய பயிர்மேல் மெதுவாக ஓட்டுங்கள்.

நானே பேசி வைக்கத் தாமதித்தேன். இந்தப் புரட்டாசியில் புஷ்பம் அக்காவை அழைத்து, "இந்த வருஷம் பதினைந்து மூடை வேணும்" என்றேன்.

"உளுந்து போடலைம்மா. மக்காச்சோளம் விதைச்சாச்சு," என்றார். கூடவே, "அதுக்கும் வெளிநாட்டோட ஏதோ ஒப்பந்தம் பேசுதாவளாமே, நெசமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றே சொன்னேன்.